பைதன் செயலியைச் சேர்வரில் ஏற்றியபின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து இடத்தைப் பிடிப்பது

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் பக்கத்துக் கமக்காரர் நின்ற இடத்தில் மண்வெட்டியைப் போடமாட்டார். வாய்க்கால் வழியே துருசை, அதாவது குளத்து மதகை, நோக்கி மேலே நடப்பார். ஈரம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில்தான் கை வைப்பார். கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்புக்காகச் சிறிய இணையச் செயலி ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன். விதைநெல் இருப்பு, உர விநியோகம், வாய்க்காலில் யாருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை என்பவையெல்லாம் அதில் பதிவாகின்றன. அதில் கோளாறு என்று தொலைபேசி வரும்போது நானும் அந்தக் கமக்காரரைப் போலவே நடக்கிறேன்.

வழி இதுதான். கைத்தொலைபேசியின் உலாவியிலிருந்து வேண்டுகோள் புறப்படுகிறது. டொமைன் பெயர் முகவரியாக மாறுகிறது. சேர்வரின் தீச்சுவரை (ஃபயர்வோல்) கடந்து, வாசலில் நின்று வேண்டுகோள்களை வாங்கும் என்ஜின்எக்ஸிடம் வருகிறது. அது பைதன் செயலியை ஓட்டும் குனிகோர்னிடம் கொடுக்கிறது, குனிகோர்ன் செயலி எழுதப்பட்ட ஜாங்கோவிடம் கொடுக்கிறது, ஜாங்கோ தரவுத்தளத்தைக் கேட்கிறது. என் சேர்வர் மாத வாடகைக்கு எடுத்தது: உபுண்டு 22.04, நினைவகம் 1 ஜிபி. உங்களுடையது சற்று வேறாக இருந்தாலும் வாய்க்கால் பெரும்பாலும் இதேதான்.

தொடங்குமுன் உங்களிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன். முதலாவது, தொலைபேசியில் பேசுபவரிடம் திரையில் என்ன இலக்கம் தெரிகிறது என்று கேளுங்கள். எங்கள் அமைப்பின் செயலாளர் இப்போது "தம்பி, வேலை செய்யவில்லை" என்று சொல்வதில்லை. "தம்பி, 502 காட்டுகிறது" என்கிறார். அந்த ஒரு இலக்கம் பாதி வேலையை முடித்துவிடுகிறது. இரண்டாவது, காரணம் தெரியும்வரை எதையும் மறுதொடக்கம் செய்யாதீர்கள். மூன்றாவது, பொதுமக்கள் பார்க்கும் சேர்வரில் ஜாங்கோவின் டீபக் அமைப்பை (பிழையின் விவரத்தை உலாவியிலேயே காட்டும் வசதி) திறந்துவிடாதீர்கள். டீபக் திறந்திருந்தால் பிழைப் பக்கத்தில் கோப்புப் பாதைகளும் அமைப்பு விவரங்களும் ஊருக்கே தெரியும்.

கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழமையான வடிவில் தட்டுங்கள்.

பக்கம் திறக்கவில்லை, இலக்கம் எதுவும் தெரியவில்லை

உடனே மறுக்கிறதா, நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். உடனே மறுத்தால் வேண்டுகோள் இயந்திரம்வரை போய்விட்டது, வாசலில் ஆள் இல்லை. என்ஜின்எக்ஸ் ஓடவில்லை. "என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி" என்று தட்டினால் அமைப்புக் கோப்பில் எந்த வரியில் அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

சுற்றிக்கொண்டே இருந்தால் தீச்சுவர். இங்கே பலர் ஏமாறுவது இரண்டு தீச்சுவர்கள் இருப்பதால். ஒன்று சேர்வருக்குள் இருக்கும் யூஎஃப்டபிள்யூ. மற்றது வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருப்பது. 80, 443 ஆகிய இரு போர்ட்டுகளும் இரண்டிலும் திறந்திருக்க வேண்டும்.

அலுவலக வைஃபையில் திறக்கிறது, கைத்தொலைபேசி டேட்டாவில் திறக்கவில்லை என்றால் டொமைனின் ஐபிவி6 பதிவைப் பாருங்கள். சில வலையமைப்புகள் அந்த முகவரியை முதலில் நாடும். பதிவு பழைய சேர்வரைக் காட்டிக்கொண்டிருந்தாலோ, என்ஜின்எக்ஸ் ஐபிவி6 இல் கேட்காமல் இருந்தாலோ இப்படி நடக்கும்.

502

அதிகம் வருவது இதுதான். ஆட்களை அதிகம் பதறவைப்பதும் இதுதான். 502 வந்தால் என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருப்பவர் பதில் தரவில்லை. டொமைன், தீச்சுவர், சான்றிதழ் எல்லாம் சரி. வாய்க்காலின் பாதித் தூரத்தை நடக்காமலே கடந்துவிட்டோம்.

பிழைகள் பதிவாகும் கோப்பான என்ஜின்எக்ஸின் எரர் லாக்கில் கடைசி வரியைப் படியுங்கள். "கனெக்ட் தோல்வி" என்று இருக்கும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் இலக்கம் இருக்கும். பெரும்பாலும் அது 2, 111, 13 ஆகிய மூன்றில் ஒன்று.

2 என்றால் என்ஜின்எக்ஸும் குனிகோர்னும் பேசிக்கொள்ளும் கதவான சொக்கெட் கோப்பே இல்லை. குனிகோர்ன் தொடங்கவில்லை, அல்லது வேறு பாதையில் சொக்கெட்டைத் திறந்திருக்கிறது. 111 என்றால் கதவு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. குனிகோர்ன் நின்றுபோய்ப் பழைய சொக்கெட் கோப்பு மட்டும் கிடக்கிறது, அல்லது இரண்டு பக்கத்திலும் எழுதிய போர்ட் இலக்கம் பொருந்தவில்லை. 13 என்றால் ஆளும் இருக்கிறார், கதவும் இருக்கிறது, ஆனால் என்ஜின்எக்ஸுக்கு அந்த வழியில் நடக்க அனுமதி இல்லை.

13 ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒன்றுக்கு முதல்நாள் இரவு, பழைய சேர்வரிலிருந்து புதியதற்குச் செயலியை மாற்றினேன். பழையதில் உபுண்டு 18.04, புதியதில் 22.04. அதே கோப்புகள், அதே அமைப்பு, எழுத்துக்கு எழுத்து அதே பாதை. 502 வந்தது. லாக்கில் 13. சொக்கெட் கோப்பின் அனுமதியைப் பார்த்தால் எல்லோருக்கும் திறந்திருந்தது. கூட்டம் காலை 9 மணிக்கு. பட்டியல் செயலிக்குள் இருந்தது. ஒரு மணி நேரம் சொக்கெட் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவறு அந்தக் கோப்பில் இல்லை.

லினக்ஸில் ஒரு கோப்பை அடைய வேண்டுமென்றால் அதற்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடக்கும் அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 இலிருந்து புதிதாக உருவாகும் பயனரின் வீட்டுக் கோப்புறை 755 ஆக அமைவதில்லை, 750 ஆக அமைகிறது. அதாவது பிறர் வாசலையே தாண்ட முடியாது. என்ஜின்எக்ஸ் "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஹைஃபன் டேட்டா" என்ற பயனராக ஓடுகிறது. என் வீட்டுக் கோப்புறைக்குள் இருந்த சொக்கெட்டுக்கு அது போகவே இல்லை. "நேம்ஐ ஹைஃபன் எல்" என்று தட்டி சொக்கெட்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையும் தன் அனுமதியோடு வரிவரியாக வரும். எந்த வரியில் பிறருக்கான இடத்தில் கோடுகள் மட்டும் இருக்கின்றனவோ அங்கேதான் அடைப்பு.

இதற்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துத் தப்பிக்கும் ஆலோசனை பல இடங்களில் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊர்மக்களின் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கும் சேர்வரில் அது எல்லாக் கதவுகளையும் கழற்றி வைப்பதற்குச் சமம். செயலியை வீட்டுக் கோப்புறையிலிருந்து எடுத்து "எஸ்ஆர்வி" கோப்புறையில் வையுங்கள், சொக்கெட்டை "ரன்" கோப்புறையில் வையுங்கள்.

2 அல்லது 111 என்றால் குனிகோர்ன் ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். சேர்வரில் சேவைகளைத் தொடங்கிக் கவனிப்பது சிஸ்டம்டி; குனிகோர்னை எப்படித் தொடங்குவது என்பதை அதற்கான சேவைக் கோப்பில் எழுதுகிறோம். "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" காட்டும் இலக்கத்திலேயே விடை இருக்கிறது. 203 என்றால் சேவைக் கோப்பில் கொடுத்த நிரலை இயக்க முடியவில்லை. 200 என்றால் செயலியின் கோப்புறை அங்கே இல்லை. 217 என்றால் நீங்கள் எழுதிய பயனர் பெயரில் ஆள் இல்லை. 3 என்றால் குனிகோர்ன் எழுந்தது, ஆனால் உங்கள் பைதன் நிரல் அதைத் தடுக்கி விழவைத்தது. இந்த நிலையில் "ஜேர்னல்சிடிஎல் ஹைஃபன் யு" என்று சேவையின் பெயரோடு தட்டி, கடைசி வரியிலிருந்து மேலே மேலே போங்கள். "வேர்க்கர் தொடங்கத் தவறியது" என்ற வரிக்குச் சற்று மேலே பைதனின் உண்மையான பிழை நிற்கும். வேர்க்கர் என்பது வேண்டுகோள்களைக் கவனிக்கக் குனிகோர்ன் வைத்திருக்கும் வேலையாள்.

203 க்கு ஒரு பொதுவான காரணம், மெய்நிகர் சூழலை (செயலிக்கு வேண்டிய பைதன் நூலகங்கள் இருக்கும் கோப்புறை) மடிக்கணினியிலிருந்து அப்படியே நகலெடுத்துப் போடுவது. அதற்குள் உள்ள நிரல்களின் முதல் வரியில் மடிக்கணினியின் பாதை எழுதப்பட்டிருக்கிறது. சேர்வரில் அந்தப் பாதை இல்லை. சூழலைச் சேர்வரிலேயே புதிதாக உருவாக்கி, தேவைப் பட்டியலிலிருந்து நூலகங்களைப் பிப் மூலம் நிறுவுங்கள். டேட்டா செலவாகுமே என்று தயங்க வேண்டாம். பிப் இறக்குவது சேர்வரின் இணைப்பில், உங்கள் கைத்தொலைபேசியின் டேட்டாவில் அல்ல. விண்டோஸில் எடுத்த தேவைப் பட்டியலில் "பைவின்32" இருந்தால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்; லினக்ஸில் அது நிறுவப்படாது.

நேற்றுவரை சரி, சேர்வர் மறுதொடக்கமானபின் 502

சேவையைத் தொடங்கியிருக்கிறீர்கள், சேர்வர் எழும்போது தானாகத் தொடங்கும்படி "எனேபிள்" செய்யவில்லை. அது ஒன்று. மற்றது, "ரன்" கோப்புறை நினைவகத்தில் இருப்பது. மறுதொடக்கத்தில் நீங்கள் கையால் உருவாக்கிய உட்கோப்புறை மறைந்துபோகும். சேவைக் கோப்பில் "ரன்டைம் டிரெக்டரி" வரியைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டியே உரிய பயனரின் பெயரில் அதை உருவாக்கித் தரும். செயலியை அலுவலகத்திலேயே ஒரு கணினியில் ஓட்டுகிறீர்கள் என்றால் இதை இன்றே சோதியுங்கள். மின்வெட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

500

இப்போது தண்ணீர் வயல்வரை வந்துவிட்டது, கோளாறு உங்கள் நிரலுக்குள்தான். லாக்கைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. இது பலரைக் குழப்பும். டீபக் அணைந்திருக்கும்போது ஜாங்கோ இயல்பாகப் பிழைகளை நிர்வாகிக்கு மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கிறது, திரைக்கு எழுதுவதில்லை. மின்னஞ்சலும் அமைக்கவில்லை என்றால் பிழை காற்றில் போகிறது. அமைப்புக் கோப்பில் லாக்கிங் பகுதியைச் சேர்த்து, பிழைகளைத் திரைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிஸ்டம்டி அவற்றைச் சேர்த்து வைக்கும். செயலியை ஏற்றும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது.

பிழை தெரிந்தபின் அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். சூழல் மாறி காணவில்லை: பயனரின் "பாஷ்ஆர்சி" கோப்பில் எழுதியதைச் சிஸ்டம்டி படிப்பதில்லை. தனிக் கோப்பில் எழுதி, சேவைக் கோப்பில் அதன் பாதையைக் காட்டுங்கள். அந்தக் கோப்பில் வரியின் முன்னால் "எக்ஸ்போர்ட்" என்ற சொல் இருக்கக் கூடாது. கடவுச்சொல்லைச் சேவைக் கோப்பிலேயே எழுதி, அதில் விழுக்காட்டுக் குறி இருந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். இல்லையென்றால் சிஸ்டம்டி அதற்கு வேறு பொருள் கொள்ளும்.

ஒரே கோப்பில் இருக்கும் சிறிய தரவுத்தளமான எஸ்கியூலைட் "படிக்க மட்டும்" என்று சொன்னால், தரவுத்தளக் கோப்புக்கு மட்டுமல்லாமல் அது இருக்கும் கோப்புறைக்கும் எழுதும் அனுமதி வேண்டும். பக்கத்திலேயே தற்காலிகக் கோப்பு ஒன்றை அது உருவாக்குகிறது. "பூட்டப்பட்டுள்ளது" என்று சொன்னால், பல வேர்க்கர்கள் ஒரே நேரத்தில் எழுதப் பார்க்கின்றன. உரம் கொடுக்கும் நாளில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதிவார்கள் என்றால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு மாறுங்கள்.

400 அல்லது படிவத்தை அனுப்பினால் 403

400 என்றால் ஜாங்கோவின் "அலவ்ட் ஹோஸ்ட்ஸ்" பட்டியலில் உங்கள் டொமைன் இல்லை. 403 வந்து சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளத்திலிருந்து போலிப் படிவம் வருவதைத் தடுக்கும் காப்பு) என்று சொன்னால், ஜாங்கோ 4.0 இலிருந்து நம்பகமான முகவரிப் பட்டியலில் டொமைனை "எச்டிடிபிஎஸ்" முன்னொட்டோடு எழுத வேண்டும். வேண்டுகோள் எச்டிடிபிஎஸ் வழியாக வந்தது என்பதை என்ஜின்எக்ஸ் தலைப்பில் எழுதி அனுப்புகிறதா, ஜாங்கோ அந்தத் தலைப்பை நம்புகிறதா என்றும் பாருங்கள்.

பக்கம் வருகிறது, ஆனால் அலங்காரமில்லாமல்

அலங்காரக் கோப்புகளை ஒரே இடத்தில் சேர்க்கும் "கலெக்ட் ஸ்டேட்டிக்" கட்டளையை ஓட்டவில்லை, அல்லது என்ஜின்எக்ஸில் "அலியாஸ்" வரியின் கடைசிச் சாய்கோடு விடுபட்டுவிட்டது. படங்கள் மட்டும் தெரியவில்லை என்றால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை, லினக்ஸ் விடுவதில்லை.

படம் ஏற்றினால் 413

என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்க மறுக்கும். நோய் பிடித்த நெல்லிலையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் ஒரு படமே அதைத் தாண்டும். "கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்" வரியை 10 எம்பி ஆக்குங்கள்.

ஒரே பதிவு இரண்டு முறை விழுகிறது

வரிசையில் இதற்கு நான் பெரிய இடம் கொடுப்பேன். 502 வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு முறை உரம் கொடுத்ததாகப் பதிவாகிவிட்டால், அடுத்த முறை அவர்களுக்கு மறுக்கப்படும்.

என்ஜின்எக்ஸின் அக்சஸ் லாக்கில் 499 என்ற இலக்கத்தைத் தேடுங்கள். பதில் வருவதற்கு முன்பே உலாவி இணைப்பை விட்டுப் போய்விட்டது என்பது அதன் பொருள். ஏ9 வீதியோரம் சிக்னல் நன்றாக இருக்கலாம். உள்ளே குளக்கட்டுப் பக்கம் போகப் போக ஒரு கோடு, அரைக் கோடு. கள உத்தியோகத்தர் "சேமி" என்று அழுத்துகிறார், சக்கரம் சுற்றுகிறது, பொறுமை இழந்து பக்கத்தைப் புதுப்பித்து மீண்டும் அழுத்துகிறார். முதல் வேண்டுகோள் அறுந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார். ஆனால் அது குனிகோர்னின் கைக்கு ஏற்கனவே போய்விட்டது. எதிர்முனையில் ஆள் போய்விட்டதை வேர்க்கர் அறியாது. பதிவை முழுமையாகச் சேமித்துவிட்டுத்தான் பதிலை எழுத முயல்கிறது. பிறகு இரண்டாவது வேண்டுகோளும் சேமிக்கப்படுகிறது.

பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் முடக்கிவைப்பது போதாது, பக்கம் புதுப்பிக்கப்பட்டால் அது மீண்டும் உயிர்பெறும். படிவம் திறக்கும்போதே தனித்துவமான ஓர் அடையாளத்தை அதில் மறைவாக வைத்து, தரவுத்தள அட்டவணையில் அதற்கான நெடுவரிசைக்கு, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற "யுனிக்" கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது முறை அதே அடையாளம் வந்தால் பிழை காட்ட வேண்டாம்; "பதிவு ஏற்கனவே சேமிக்கப்பட்டது" என்ற பக்கத்தையே காட்டுங்கள். புதுப்பித்தாலும் அதே அடையாளம் இருக்கும்படி அதை உலாவியின் சேமிப்பில் வையுங்கள்; இல்லையென்றால் புதுப்பித்ததும் புதிய அடையாளம் வந்து இந்தக் காப்பு பயனற்றுப்போகும்.

குனிகோர்ன் ஒரு வேர்க்கருக்கு இயல்பாக 30 விநாடி பொறுக்கும், பிறகு அதைக் கொன்றுவிடும். அப்போது பயனருக்கு 502 தெரியும், லாக்கில் "வேர்க்கர் டைம்அவுட்" இருக்கும். குனிகோர்னின் எல்லையைக் கூட்டிவிட்டால், என்ஜின்எக்ஸின் 60 விநாடி எல்லை முந்திக்கொண்டு 504 வரும். இரண்டுக்கும் எல்லையைக் கூட்டுவது மருந்தல்ல. எந்தத் தரவுத்தளக் கேள்வி அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தேடுங்கள். எங்களிடம் பருவம் முழுவதற்குமான அறிக்கை 40 விநாடி எடுத்தது; ஒரு இன்டெக்ஸ் சேர்த்ததும் ஒரு விநாடிக்குள் வந்தது.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக, பெட்டிகளாக, துண்டுகளாக

இதற்குப் பின்னால் நான்கு வேறு நோய்கள் இருக்கலாம்.

தரவுத்தளத்திலேயே கேள்விக்குறிகள் இருந்தால் அட்டவணை லத்தீன் குறியாக்கத்தில் உருவாகியிருக்கிறது. அப்படிச் சேமித்த தரவு போனது போனதுதான், மீட்க வழியில்லை. ஆகையால் முதல் பதிவைச் சேமித்த உடனேயே தரவுத்தளத்துக்குள் போய் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்ணால் பாருங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்கும்போது மட்டும் குழம்பினால் தரவு சரி. கோப்பை "யூடிஎஃப் 8 சிக்" குறியாக்கத்தில் எழுதுங்கள். பிடிஎஃபில் பெட்டிகள் வந்தால் சேர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள். எழுத்து வந்து கொம்பு மட்டும் இடம்மாறி நின்றால், நீங்கள் பயன்படுத்தும் நூலகம் தமிழ் எழுத்துகளைக் கோத்து வரையவில்லை. வீசிபிரின்ட் போன்ற, பேங்கோ வழியாக வரையும் நூலகத்துக்கு மாறுங்கள்.

ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதி ஏற்கப்படவில்லை என்றால் அட்டவணையில் அந்த நெடுவரிசையின் நீளத்தைக் கூட்டுங்கள். "முல்லைத்தீவு" கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. யூடிஎஃப் 8 இல் 36 பைட். ஆங்கிலப் பெயர்களை நினைத்து 20 என்று போட்ட எல்லை, பைட்டில் எண்ணப்பட்டால் இங்கேயே உடையும்; குறியீட்டில் எண்ணப்பட்டால் இன்னும் நீளமான பெயர்களில் உடையும்.

கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று: "கொக்காவில்" என்று தேடினால் பாதிப் பதிவுகள்தான் வருகின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். "கொ" வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ஒரு விசைப்பலகை ஒருவிதமாக எழுதும், மற்றது வேறுவிதமாக. பைதனின் "யூனிகோட்டேட்டா" தொகுதியில் நார்மலைஸ் செய்யும் வசதி இருக்கிறது. "என்எஃப்சி" என்று கொடுத்து, சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டிடத்திலும் ஓட்டுங்கள். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், தொண்டமான்நகர் என்று ஒகரத்தில் தொடங்கும் ஊர்கள் எங்களுக்கு நிறைய. ஔகாரத்தில் மட்டும் இது கைகொடுக்காது: பலர் அங்கே ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள், அது வேறு எழுத்து. அதைத் தனியாகத் திருத்த வேண்டும்.

பழைய ஆவணங்களிலிருந்து ஒட்டியது ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. சேர்வரில் குறை இல்லை. யூனிகோடுக்கு மாற்றிய பின் ஏற்றுங்கள்.

நேரம் பிழைக்கிறது

ஐந்தரை மணி நேரம் பிழைத்தால் எளிது: சேர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது. விடியற்காலை 5 மணிக்குத் துருசு திறந்ததை முந்தின நாளின் கணக்கில் காட்டும். சேர்வரை யூடிசியிலேயே விட்டுவிடுங்கள். ஜாங்கோவின் நேர வலயத்தை "ஏசியா கொழும்பு" ஆக்கி, இன்றைய தேதிக்கு ஜாங்கோவின் "லோக்கல்டேட்" ஐயே கேளுங்கள். இதையும் நினைவில் வையுங்கள்: மாலை 7 மணிக்குப் பிழை வந்தது என்று யாராவது சொன்னால் லாக்கில் 13:30 ஐத் தேட வேண்டும்.

அரை மணி நேரம் பிழைத்தால் அது வன்னியின் வரலாறு. இதை வேறு எந்த வழிகாட்டியிலும் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், ஆகவே முழுவதையும் சொல்கிறேன்.

குளம் ஒன்றின் நீர்மட்டப் பதிவேடு கைக்கு வந்தது. 2003 இல் எழுதியது, பழுப்பேறிய கோடிட்ட தாள், நீல மை, ஒவ்வொரு நாளும் "காலை 6.00" என்று ஒரே கையெழுத்து. அதைத் தட்டச்சு செய்து செயலியில் ஏற்றினோம். மடிக்கணினியில் 6:00 என்று காட்டியது. சேர்வரில் 6:30 என்று காட்டியது. இந்த ஆண்டுப் பதிவுகள் இரண்டிலும் சரியாக இருந்தன.

மடிக்கணினியில் நேர வலயம் "ஏசியா கொல்கத்தா" என்று இருந்தது. ஓர் இந்தியப் பாடக்குறிப்பிலிருந்து எடுத்த அமைப்பு. சேர்வரில் "ஏசியா கொழும்பு". இன்று இரண்டும் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால்தான். ஆனால் இலங்கை அரசு 1996 மே மாதத்தில் நேரத்தை ஆறரை ஆக்கியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறு ஆக்கியது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. கணினிகள் எல்லாம் நம்பும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்த மாற்றங்கள் அப்படியே இருக்கின்றன. 2003 ஆம் ஆண்டுக்குக் கொழும்பு வலயம் ஆறு மணி நேரம் என்றே கணக்கிடும்.

ஆனால் அந்தப் பதிவேட்டை எழுதியவரின் கடிகாரம் ஆறில் ஓடவில்லை. அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்த நேர மாற்றம் ஏற்கப்படவில்லை. பழைய நேரத்திலேயே கடிகாரங்கள் ஓடின. அரச பக்கத்து ஓமந்தைக்கும் புலிகள் பக்கத்துப் புளியங்குளத்துக்கும் இடையே பயணம் செய்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் திருப்ப வேண்டியிருந்தது. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் பழைய நேரம், புதிய நேரம் என்று இப்போதும் சொல்வார்கள். பைதனுக்கு அது தெரிய வழியில்லை. வன்னிக்கென்று அந்த ஆண்டுகளுக்குத் தனி வலயம் எதுவும் தரவுத்தளத்தில் இல்லை.

முதலில் பழைய பதிவுகளை மட்டும் நிலையான ஐந்தரையில் காட்ட நினைத்தேன். பிறகு அதையும் விட்டேன். பதிவேட்டில் எழுதியிருப்பது "காலை 6.00". அதை யூடிசிக்கு மாற்றித் திரும்ப மாற்றுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. 2006 ஏப்ரலுக்கு முற்பட்ட பதிவேடுகளுக்குத் தேதிக்கு ஒரு நெடுவரிசை, நேரத்துக்கு வலயமில்லாத ஒரு நெடுவரிசை, எந்தப் பகுதியில் எழுதப்பட்டது என்பதற்கு ஒரு நெடுவரிசை என்று வைத்தேன். அரச கட்டுப்பாட்டில் இருந்த வவுனியா நகரில் எழுதிய பதிவும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மல்லாவியில் எழுதிய பதிவும் ஒரே நாளில் அரை மணி நேரம் வேறுபடும். அந்த வேறுபாட்டை அழிக்க நமக்கு உரிமை இல்லை. அந்த ஆண்டுகளின் பதிவேடு எது உங்கள் கைக்கு வந்தாலும், மருத்துவமனையுடையதோ பாடசாலையுடையதோ மழைவீழ்ச்சியோ, எழுதியபடியே வையுங்கள்.

பழைய கைத்தொலைபேசிகளில் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை

இடைச் சான்றிதழ்களும் சேர்ந்த "ஃபுல்செயின்" கோப்பை என்ஜின்எக்ஸில் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். தனிச் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் கணினி உலாவி சமாளித்துக்கொள்ளும், பல கைத்தொலைபேசிகள் மறுக்கும். அது சரியாக இருந்தும் ஆண்ட்ராய்டு 7.0 அல்லது அதற்கு முந்தியது என்றால், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழை அந்தத் தொலைபேசி அறியாது. அதுவரை உதவிய குறுக்குக் கையொப்பம் 2024 செப்டெம்பர் 30 இல் காலாவதியாகிவிட்டது. அவர்களைப் புதிய தொலைபேசி வாங்கச் சொல்லாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலைக் கொண்டுவருகிறது. அந்தப் பழைய தொலைபேசிக்குப் பொருந்தும் பதிப்பு கிடைத்து நிறுவப்பட்டால் பக்கம் திறக்கும்.

வேர்க்கர் திடீரென்று சாகிறது, அல்லது "இடமில்லை" என்கிறது

லாக்கில் சிக்னல் 9 இருந்து டைம்அவுட் எதுவும் இல்லை என்றால் நினைவகம் போதவில்லை, கேர்னலே கொன்றிருக்கிறது. 1 ஜிபி சேர்வரில் இரண்டு வேர்க்கர் போதும், நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப்பும் 1 ஜிபி சேருங்கள். "இடமில்லை" என்றால் "டிஎஃப் ஹைஃபன் எச்" தட்டுங்கள். பெரும்பாலும் லாக்குகள்தான் நிரப்பியிருக்கும். ஜேர்னலின் அளவுக்கு எல்லை வையுங்கள்.

புதிய நிரலை ஏற்றியும் பழைய பக்கமே வருகிறது

குனிகோர்ன் பழைய நிரலை நினைவகத்தில் வைத்திருக்கிறது. இந்த ஓரிடத்தில் மறுதொடக்கம்தான் மருந்து. சேவைக் கோப்பையே மாற்றியிருந்தால் அதற்கு முன் "டீமன் ரீலோட்".

மைக்ரேஷன் நடுவில் மின்சாரம் போய்விட்டது

மைக்ரேஷன் என்பது தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் வேலை. வீட்டில் மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தால், நாம் சேர்வருக்குள் நுழைந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு அறும், அதற்குள் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் சாகும். போஸ்ட்கிரஸ் என்றால் பதற வேண்டாம். ஜாங்கோ ஒவ்வொரு மைக்ரேஷனையும் ஒரு பரிவர்த்தனைக்குள் ஓட்டுகிறது, பாதியில் அறுந்தது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். "ஷோ மைக்ரேஷன்ஸ்" தட்டி எதுவரை முடிந்தது என்று பார்த்து மீண்டும் ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எந்த நெடுவரிசை சேர்ந்தது, எது சேரவில்லை என்று அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இனிமேல் சேர்வருக்குள் நுழைந்ததும் முதலில் "டிமக்ஸ்" திறந்து, அதற்குள் வேலை செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் கட்டளை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் உள்ளே போய் "டிமக்ஸ் அட்டாச்" என்று தட்டினால், கடைசியாகக் கேட்ட ஆம் அல்லது இல்லை என்ற கேள்வியோடு திரை அப்படியே காத்திருக்கும்.